மூன்றாவது சுப்புக்காளை

காலை ஆறு மணி அடிக்கும்போது தண்ணீர்த் தொட்டியடியில் இருக்கும் இரும்புச் சக்கரத்தை வலப்பக்கமாகப் பன்னிரண்டாவது சுற்றில் கொண்டுபோய் நிறுத்துவதும், மாலை ஆறு மணி அடிக்கும்போது அதையே இடப்பக்கமாகப் பன்னிரண்டாவது சுற்றில் கொண்டுபோய் நிறுத்துவதும் தவிர வேறெதுவும் செய்யாமல், ஒருநாள்கூட லீவு எடுக்காமல், ஒரு நிமிடம் முந்தாமல் பிந்தாமல் இருபத்தேழு வருடத்தைக் கழித்துவிட்ட சுப்புக்காளை, மாசி மாதத்து வியாழக்கிழமை ஒன்றில் பல ஆட்களாகப் பிரிந்துபோனார்.

எப்படிப் பிரிந்தார் என்று உப்போடைப்பட்டியில் இன்றுவரை யாரும் கேட்டதில்லை. ஆறு மணிக்குத் தண்ணீர் ஏன் விசையாக வரவில்லை என்றுதான் கேட்டார்கள்.

சக்கரம் வலப்பக்கம் திரும்பினால் கிழக்குப் பகுதிக்குத் தண்ணீர், இடப்பக்கம் திரும்பினால் மேற்குப் பகுதிக்கு. இருபத்தெட்டு வருடத்துக்கு முன்னால் இதே தண்ணீருக்காக இரண்டு பகுதியும் அடித்துக்கொண்டு ஏழு மண்டை உடைந்து, தாசில்தார் முன்னிலையில் அமைதிக் கூட்டம் போட்டு, ஆளுக்குப் பன்னிரண்டு மணி நேரம், ஆளுக்குப் பன்னிரண்டு சுற்று என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். கிழக்கிலும் மேற்கிலும் ஒரு சொந்தக்காரன்கூட இல்லாதவர் என்ற ஒரே தகுதிக்காகச் சுப்புக்காளைக்கு அந்த வேலை கிடைத்தது. அவர் சக்கரத்தைத் திருப்புவது வெட்டுக்கத்தி விழுவதுபோல இருக்கும். கிழக்கில் குழாய் சட்டென்று நிற்கும் அதே மூச்சில் மேற்கில் குழாய் சட்டென்று சீறும். ஊரில் பாதிப் பேர் அதைப் பார்த்துத்தான் கடிகாரத்தைத் திருத்தினார்கள்.

அந்தக் கணக்கில் வராத ஒரு தெரு இருந்தது. கிழக்குப் பகுதியின் கடைசியில், பாறைமேல், மேட்டுத் தெரு. முப்பத்தொரு வீடு. நகராட்சியின் தெருக்களைப் பெருக்குகிறவர்களும் சாக்கடை அள்ளுகிறவர்களும் பட்டா வாங்கிக் கட்டிய வீடுகள். ஆறு வருடத்துக்கு முன்னால் அங்கேயும் ஒரு குழாய் வைத்து, பதினொரு பேர் பெயர் வெட்டிய பளிங்குக் கல்லும் பதித்துவிட்டுப் போனார்கள். பெயர்கள் இன்னும் அழியவில்லை. தண்ணீர்தான் ஒருநாளும் வரவில்லை.

சீனித்தாய் அந்தத் தெருவில் நான்காவது வீடு. நாற்பது வயதைத் தாண்டியவள், விடியற்காலை நாலரைக்கு வாரியலோடு இறங்கினால் ஒன்பதரைக்கு மேடேறுகிறவள், இடது முழங்காலில் ஒரு கிரீச் சத்தத்தோடு நடக்கிறவள். தொட்டியடி அவள் பெருக்கும் வட்டாரம். சக்கரத்தின் கீழே கசியும் சொட்டை இரண்டு குடத்தில் பிடித்து, தலையில் ஒன்று இடுப்பில் ஒன்றாக மேடேற்றுவாள். மற்ற குடங்களுக்கு ஒன்றரை மைலில் கிணறு வைத்திருக்கும் தோட்டக்காரரின் மனநிலையை நம்பியிருக்க வேண்டும்.

உதவிப் பொறியாளர் நாகசுந்தரத்திடம் அவள் எத்தனையோ தடவை கேட்டாயிற்று. அவர் கோபப்படுகிறவர் அல்ல; படம் வரைந்தே விளக்கினார்.

“இங்க பாரும்மா, பன்னெண்டு சுத்து பிரஷருக்குப் பாறை மேல தண்ணி ஏறாது. பதிமூணாவது சுத்து போட்டா ஏறும். ஆனா ஒப்பந்தத்துல பன்னெண்டு. இதுல யாரும் உங்களுக்கு எதிரா இல்ல. புவியீர்ப்பு விசைக்குச் சாதியா தெரியும்?”

“தெரியாமயா சார் எங்க தெருவ மட்டும் கரெக்டாப் பாத்து இழுக்குது?” என்று சீனித்தாய் கேட்டாள். அவர் சிரித்துவிட்டு மனுவை வாங்கிக்கொண்டார். மனு வாங்குவதில் அவர் ஒருபோதும் குறை வைத்ததில்லை.

சுப்புக்காளையிடம் கேட்பது அதைவிடச் சுருக்கம். “அண்ணாச்சி, ஒரே ஒரு சுத்து…” என்று அவள் ஆரம்பிக்கும்போதே, “முடியாது” என்று முடித்துவிடுவார்.

முப்பத்தொரு வீட்டில் பத்தொன்பது வீடு பூட்டிக் கிடந்தது. எல்லோரும் திருப்பூர். சீனித்தாயின் புருஷன் சங்கிலியும் அங்கேதான் பனியன் கம்பெனியில் துணி வெட்டிக்கொண்டிருந்தான். வாரம் ஒருமுறை போன் செய்து ஒரே விஷயத்தை வேறு வேறு விதமாகச் சொல்வான்.

“பங்குனிப் பொங்கலுக்கு வாறேன். அதுக்குள்ள அந்தக் குழாயில தண்ணி வந்தா நீ அங்கயே ராணி மாதிரி இரு. வரல, வீட்ட எவனுக்காவது எழுதிக் குடுத்துட்டுக் கெளம்பு, சொல்லிட்டேன்.”

“எவன் வாங்குவான் மாமா, தண்ணியில்லாத வீட்ட?”

“அப்ப சும்மா குடுத்துட்டு வா.”

“நான் செங்கச் சுமந்து கட்டுன வீடு. ஒங்க லைன் வீட்ல, பத்துக் குடும்பத்துக்கு ஒத்தக் கக்கூஸ் வாசல்ல வரிசையில நிக்க என்னால ஆகாது.”

“இங்க வரிசைன்னாலும் கடேசில தண்ணி இருக்கு சீனி” என்றான் சங்கிலி. பங்குனிக்கு ஐந்து வாரம் இருந்தது.

அந்த வியாழக்கிழமை ஆறு மணிக்கு அவள் சொட்டின் கீழே குடத்தை வைத்துவிட்டு நிமிர்ந்தபோது, சுப்புக்காளை சக்கரத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். ஆனால் வெட்டவில்லை. தூளியில் கிடக்கும் பிள்ளையை ஆட்டுவதுபோல மெல்ல, அவ்வளவு மெல்லத் திருப்பினார். அவருடைய காலுக்குப் பின்னால், அவருடைய முழங்காலுக்குச் சற்று மேலே தலை வரும் உயரத்தில், அதே காக்கிச் சட்டை, அதே தொங்கு மீசையோடு இன்னொரு சுப்புக்காளை நின்றுகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் கெண்டைக்கால் உயரத்தில் ஒருவர். அவருக்கும் பின்னால் ஒரு சாண் உயரத்தில் ஒருவர். அப்புறம் விரல் நீளம், அப்புறம் சுண்டுவிரல் நகம், அப்புறம் சுவரோரம் எறும்புச் சாரை போல ஏதோ ஒன்று, அதற்கும் அப்பால் கொசு ரீங்காரம் மாதிரி ஒரு சத்தம் மட்டும்.

“என்ன அண்ணாச்சி, ஒறமொறையா?” என்று கேட்டாள்.

சுப்புக்காளை வாயைத் திறந்தார். முன்பெல்லாம் வெடுக்கென்று வரும் சொல், கேட்காத அளவில் தொடங்கி, மெதுவாக ஏறி, மெதுவாக இறங்கி அடங்கியது. “இருக்கலாம், தாயி” என்று அவர் சொன்னதாக அவள் பின்னால் யோசித்துத் தெரிந்துகொண்டாள். அவள் திகைத்தது அதற்குத்தான். அந்த மனிதர் முடியாது என்ற சொல்லைத் தவிர வேறு ஒன்றைச் சொல்லி அவள் கேட்டதே கிடையாது.

ஒரு வாரத்தில் ஊர் அவர்களைப் பழகிக்கொண்டது. முழங்காலுயரக்காரருக்கு எட்டு மணி நேரம் ஒருநாள். நமக்கு ஒருநாள் கழிவதற்குள் அவருக்கு மூன்று விடியும், மூன்று சாயும். அவரை எல்லோரும் மூன்றாமவர் என்றார்கள். அடுத்தவருக்கு ஒருநாளில் ஐந்து நாள், அவர் ஐந்தாமவர். சாண் உயரக்காரர் ஏழாமவர். விரல் நீளத்தில் இருந்தவருக்கு ஒன்றேகால் மணி நேரத்தில் ஒருநாள் முடிந்துவிடுவதால் அவரிடம் யாரும் நின்று பேசவே முடியவில்லை. நாவிதர், மூன்றாமவர் நாளைக்கு மூன்று தடவை சவரத்துக்கு வந்து உட்காருகிறார் என்று அலுத்துக்கொண்டார். டீக்கடையில் ஐந்தாமவருக்கென்று ஒரு மூடியில் டீ ஊற்றி வைத்தார்கள். அம்மன் கோயில் பூசாரி, எல்லோர் நெற்றிக்கும் போட்டால் விபூதி கட்டுப்படியாகாது என்று பெரியவர் நெற்றியில் மட்டும் போட்டு, மற்றவர்களுக்கும் அதிலேயே சேர்த்தி என்று சொல்லிவிட்டார். வீடு மட்டும் யாரும் கொடுக்கவில்லை. ஒரே ஆள்தான் என்று சொல்லி வாடகைக்கு வந்தால் அப்புறம் எத்தனை பேர் உள்ளே வருவார்கள் என்று எந்த வீட்டுக்காரருக்கும் பயமிருக்கும்தானே. அவர்கள் பம்ப் ரூமில் படுத்துக்கொண்டார்கள். யாருக்கும் விளங்காத இன்னொன்றும் இருந்தது: இரண்டாமவர், நான்காமவர் என்று எவரும் வரவில்லை. எல்லோரும் ஒற்றைப்படை.

தண்ணீர்தான் தகராறு. பெரிய சுப்புக்காளை சக்கரத்தைத் தனியாகத் திருப்பியதால், காலை ஆறு மணிக்கு நூல் மாதிரி தொடங்கி, ஊதி ஊதி, நண்பகலில் பதினைந்து சுற்றுவரை போய், மறுபடி வடிந்து, மாலை ஆறுக்கு நூலாகி அற்றது. காலை சமையலுக்குத் தண்ணீர் இல்லை என்று கிழக்கில் கத்தினார்கள். மேற்கிலும் அதே கதை.

மேட்டுத் தெருவில் யாரும் கத்தவில்லை. அந்த வியாழக்கிழமை ஒன்பதரை மணிக்குச் சீனித்தாய் மேடேறி வந்தபோது, குழாய்க்குள் யாரோ செருமுவதுபோலச் சத்தம் கேட்டது. குழாய் இருமியது. துருவைத் துப்பியது. ஒரு பல்லி முட்டையைத் துப்பியது. ஆறு வருடக் காற்றை நீளமாக விட்டது. அப்புறம் தண்ணீர் வந்தது. பக்கத்து வீட்டு வேலம்மாள் ஓடிவந்து கையை நீட்டிப் பார்த்துவிட்டு, “ஏ சீனி, இது நமக்கா, வழிதப்பி வந்துச்சா?” என்று கேட்டாள்.

“மொதல்ல புடி. வெலாசம் பெறகு கேப்போம்.”

இரண்டரை மணிவரை ஓடியது. மறுநாளும் ஒன்பதரைக்கு வந்து இரண்டரைக்கு நின்றது. பதினொரு நாள் இப்படி ஓடியது. பன்னிரண்டு வீட்டிலும் பாத்திரம் தீர்ந்துபோய், அரிசிப் பானையில்கூடத் தண்ணீர் பிடித்து வைத்தார்கள். சீனித்தாய் சங்கிலிக்குப் போன் செய்து, பேசாமல் போனைக் குழாயடியில் பிடித்தாள்.

“என்ன சத்தம் அது? மழையா?” என்றான்.

“வந்து பாருங்க” என்றாள்.

பன்னிரண்டாம் நாள், கலியாண வீட்டுக்கு மைக் செட் கட்டுகிற இன்பராஜ், தன் வீட்டில் குளிக்கத் தண்ணீர் இல்லாத கோபத்தில் தொட்டியடிக்கு வந்து, சற்று நேரம் எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் பொறியாளரிடம் சொன்னார்.

“சார், இது நம்ம தொழிலு. ஸ்பீக்கர்ல கேக்கறப்ப ஒத்தச் சத்தமாத்தான் தெரியும். உள்ள பேஸ் தனி, ட்ரெபிள் தனி. திரும்பத் திரும்ப ஒரே மாதிரி வர்ற எதுவும் ஒத்த ஆளு கெடையாது, உள்ள ஒரு பட்டாளமே இருக்கும். அண்ணாச்சி இருபத்தேழு வருசமாத் திரும்பத் திரும்ப வந்துட்டாரு. பட்டாளம் வெளிய வந்துருச்சு, அவ்வளவுதான். பெரியவரு பேஸு. பேஸ மட்டும் வச்சுக்கிட்டுத் தவில் வாசிச்சா எப்படி இருக்கும்? அந்த டக்குங்கறது பூரா இந்தக் குட்டிக கையிலல்லா இருக்கு. எல்லாரையும் சக்கரத்துல கை வைக்கச் சொல்லுங்க.”

“ரெண்டாம் நம்பர் ஏன் வரல?” என்றார் பொறியாளர்.

“கெழக்கும் மேக்கும் சரிபாதி சார். சரிபாதி கெடாதவரைக்கும் ரெட்டைப்படைக்கு வேலையில்ல.”

பெரிய சக்கரத்தின் தண்டில் சின்னச் சின்னக் கைப்பிடிகளைப் பற்றவைத்தார்கள். மேற்குப் பகுதிக்காரர்கள் உடனே ஒரு வக்கீலைக் கூட்டிவந்து, நகராட்சி ஊழியர் தவிர வேறெவரும் சக்கரத்தைத் தொடக்கூடாது என்று ஒப்பந்தத்தில் இருப்பதைக் காட்டினார்கள். அதனால் நகராட்சி ஓர் ஆணை போட்டு எல்லோரையும் வேலைக்கு எடுத்தது. சுப்புக்காளை மூன்று, சுப்புக்காளை ஐந்து, சுப்புக்காளை ஏழு என்று வருகைப் பதிவேட்டில் பெயர் ஏறியது. அவரவர் காலையில் அவரவர் வலப்பக்கம் திருப்புவார்கள், அவரவர் மாலையில் இடப்பக்கம் திருப்புவார்கள். அதைத்தவிர வேறொன்றும் அவர்களுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள வேண்டியதும் இல்லை.

மூன்றாமவர் கை வைத்த அன்றே மேட்டுத் தெருவில் நண்பகல் தண்ணீர் நின்றது. ஐந்தாமவர், ஏழாமவர் என்று ஆள் ஏற ஏறத் தண்ணீர் ஊரில் விறைப்பாக நிமிர்ந்தது. மேட்டுத் தெருவில் துண்டு துண்டாகி, விளிம்புக்கு ஒதுங்கி, கடைசியில் காலை ஆறு மணிக்கு ஒரு நொடித் துள்ளலாகவும் மாலை ஆறுக்கு முன்னால் இன்னொரு துள்ளலாகவும் மிஞ்சியது. சக்கரம் பன்னிரண்டில் நிற்பதற்குமுன் பதினான்கைத் தொட்டுவிட்டுத் திரும்பும் அந்த நேரத்தில் குழாய் ஒரு செம்புத் தண்ணீரைத் துப்பிவிட்டு மூடிக்கொள்ளும். ஒப்பந்தத்தை மீறும் அந்தத் துள்ளலைப் பார்த்துப் பொறியாளருக்குத் தூக்கம் போயிற்று. ஆள் போதவில்லை என்று நினைத்து, நகத்தளவு சுப்புக்காளைகளைத் தீப்பெட்டியில் பிடித்துவந்து சேர்த்தார். சுவரோர எறும்புச் சாரையைச் சர்க்கரை தூவி அழைத்துவந்தார். துள்ளல் மெலிந்துகொண்டே போனது. ஆனால் உயரத்தில் ஒரு மயிரிழைகூடக் குனியவில்லை. எத்தனை பேரைக் கூட்டினாலும் பதினான்கைத் தொட்டுவிட்டுத்தான் திரும்பியது. “கடவுளே இருந்து திருப்புனாலும் அது போகாது சார், விட்ருங்க” என்றார் இன்பராஜ்.

சீனித்தாய் வேலை முடிந்து மேடேறாமல் தொட்டியடியிலேயே உட்கார்ந்து மூன்று நாள் கவனித்தாள். யார் தன் தண்ணீரை நிறுத்துகிறார் என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். பெரியவர் பாவம், தானாக ஏறிக்கொண்டுதான் இருந்தார். அவர் போக்கில் விட்டால் நண்பகலுக்குப் பதினைந்தைத் தாண்டிவிடுவார். ஆனால் காலை ஆறிலிருந்து அவரோடு சேர்ந்து வலப்பக்கம் தள்ளிக்கொண்டிருந்த மூன்றாமவர், சரியாகப் பத்து மணி அடித்ததும் பிடியை மாற்றி இடப்பக்கம் இழுக்கத் தொடங்கினார். இரண்டு மணிவரை இழுத்தார். இரண்டு மணிக்கு மறுபடி வலப்பக்கம்.

“சின்னண்ணாச்சி” என்றாள் குனிந்து. “நல்லாத்தான ஏறிக்கிட்டிருக்கு. அத ஏன் புடிச்சு அமுக்குறீங்க?”

“பொழுது சாஞ்சிருச்சுல்ல” என்றார் மூன்றாமவர், கீச்சுக் குரலில். “பொழுது சாஞ்சா எடப்பக்கம்.”

“மணி பத்து. வெயில் மண்டையப் பொளக்குது.”

“ஒங்களுக்கு.”

அவள் அவரை உற்றுப் பார்த்தாள். கண்ணிரண்டும் மிளகாய்ப் பழம் மாதிரி சிவந்திருந்தன. கையால் சக்கரத்தை இழுத்துக்கொண்டே தலை தொங்கித் தொங்கி நிமிர்ந்தது.

“தூங்கி எத்தன நாளாச்சு?”

“யாரு நாளு? ஒங்க நாளா, என் நாளா?”

“ஒங்க நாளுதான்.”

“பதினெட்டாச்சு. ராத்திரி பூரா டூட்டி போட்டுட்டாங்கள்ல.”

சீனித்தாய் எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டாள். துப்புரவுத் தொழிலாளர்கள் நான்கு வருடத்துக்கு முன்னால் பதினாறு நாள் வேலைநிறுத்தம் செய்து வாங்கிய விதி ஒன்று இருந்தது. அந்தப் பதினாறு நாளும் நகராட்சி வாசலில் கூழ் காய்ச்சியது அவள்தான் என்பதால் விதியின் எண்கூட அவளுக்கு மனப்பாடம்.

திங்கட்கிழமை மனு நாள். நகர்மன்றத் தலைவி ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நடு நாற்காலியில் அவருடைய கணவர் உட்கார்ந்திருந்தார். ஊரில் எல்லோரும் தலைவர் என்று கூப்பிடுவது அவரைத்தான். பொறியாளர் பக்கத்தில் நின்றார்.

“இந்தத் தடவை குழாய் மனு இல்ல சார்” என்றாள் சீனித்தாய். “சுப்புக்காளை மூணு சார்பா வந்திருக்கேன். நகராட்சி ஊழியர் யாருக்கும் தொடர்ந்து ரெண்டு ராத்திரிக்கு மேல நைட் டூட்டி போடக் கூடாது. மூணாவது ராத்திரி ரெஸ்ட் குடுக்கணும். விதி நாற்பத்தொண்ணு.”

“அவருக்கு எங்கம்மா தொடர்ந்து மூணு ராத்திரி வருது?” என்றார் பொறியாளர்.

“தெனமும் வருது சார். நமக்கு ஒரு ராத்திரின்னா அவருக்கு மூணு. பகல் பத்துலருந்து ரெண்டுவரை ஒண்ணு, சாயங்காலம் ஆறுலருந்து பத்து ஒண்ணு, பொறவு ரெண்டுலருந்து ஆறு ஒண்ணு. மூணுல ஒண்ணு அவரு படுத்தாகணும்.”

தலைவர் சிரித்தார். “அவன் என்ன மனுசனாம்மா? சுப்புக்காளையோட ஒரு துண்டு.”

“துண்டுக்குத்தான் ஆர்டர் போட்டிருக்கீங்க. பதிவேட்டுல பேரிருக்கு.”

பொறியாளர் பதிவேட்டைப் புரட்டினார். பேரிருந்தது. அவர் முகத்தில் புரிதல் மெதுவாக ஏறியது. “எந்த ராத்திரி கேக்குறாரு?”

“பகல் பத்து மணி ராத்திரி.”

“அவர் கைய எடுத்தா நண்பகல்ல பதினேழு சுத்து போகும்மா! ஒப்பந்தத்துல பன்னெண்டு. மேற்குக்காரன் விடுவானா?”

“சார், ஊர்க் குழாய்ல கொறைஞ்சாத்தான் சண்டை வரும். இது யாருக்கும் கொறையாது. கூடுறது பாறை மேல மட்டும் ஏறும். எங்க தெருவுக்குள்ள எவன் வந்து பாக்கப் போறான்?”

அவள் சொன்னது உண்மை என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். அந்தத் தெருவுக்குள் கடைசியாக வந்தவர்கள் பளிங்குக் கல்லில் இருந்த பதினொரு பேர்தான்.

“அப்படியே லீவு குடுத்தாலும் எங்க படுப்பான்?” என்றார் தலைவர். “பம்ப் ரூம் சத்தத்துல தூங்க முடியாது. ஊருக்குள்ள எவனும் வீடு குடுக்க மாட்டான். இருப்பிட விலாசம் இல்லாம லீவு சாங்ஷன் பண்ண முடியாது.”

“என் வீட்டு விலாசத்தப் போடுங்க.”

“மேட்டுத் தெருவுலயா? அவங்க ஆளு அங்க தங்குவாங்களாக்கும்?”

“பெரியவரு எப்படியோ. இவருக்குத் தூக்கம் வருது.”

தலைவர் பொறியாளரைப் பார்த்தார். பொறியாளர் ஜன்னலைப் பார்த்தார். மேற்குக்காரர்கள் வந்தால் என்ன செய்வது, வக்கீல் வந்தால் என்ன சொல்வது, மேலே ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சொல்கிறோம் என்று தலைவர் ஆரம்பித்தபோது, இரண்டு வருடமாக அந்த ஓரத்து நாற்காலியில் ஒரு வார்த்தையும் பேசாமல் உட்கார்ந்திருந்த தலைவி கையை நீட்டினார்.

“கையெழுத்து நான்தான போடணும்? குடுங்க இங்க.”

“ஏ, நீ சும்மா…”

“ரெண்டு வருசமாச் சும்மாத்தான் இருக்கேன். பேனா எங்க?”

அப்படியாக, மகப்பேறு விடுப்பு ஒன்றுக்கும் பண்டிகை முன்பணம் ஒன்றுக்கும் நடுவில், சுப்புக்காளை மூன்றுக்குப் பகல் பத்திலிருந்து இரண்டுவரை இரவு ஓய்வு என்று ஆணை வெளியானது. மறுநாள் பத்து மணிக்கு மூன்றாமவர் சக்கரத்திலிருந்து கையை எடுத்தார். சீனித்தாய் அவரை இடுப்பில் தூக்கிக்கொண்டு மேடேறினாள். ஒரு குடத்தின் கனம்தான் இருந்தார், பாதி வழியிலேயே தூங்கிப்போனார். அவளுடைய வீட்டில் ஜன்னலுக்குத் துணி கட்டிப் பாய் விரித்துப் படுக்கவைத்துவிட்டு வெளியே வந்தபோது, குழாய் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த வாரமே பம்ப் ரூம் வாசலில் உள்ளங்கை உயரத்தில் புதிதாக ஒரு சுப்புக்காளை நின்றுகொண்டிருப்பதை இன்பராஜ் பார்த்தார். அவருக்கு ஒருநாளில் இரண்டு நாள், இரட்டைப்படை. சரிபாதி எங்கேயோ கெட்டுவிட்டது என்று இன்பராஜுக்கு உடனே தெரிந்தது. ஆனால் அவர் வீடு கிழக்கில் இருந்தது, காலையில் குளிக்கத் தண்ணீர் விசையாக வந்துகொண்டிருந்தது, பார்க்காததுபோல் போய்விட்டார். மேற்குக்காரர்கள் புது ஆளுக்கு நல்ல லட்சணம் என்று மிட்டாய் வாங்கிக் கொடுத்தார்கள். உப்போடைப்பட்டித் தண்ணீர் மாவட்டத்திலேயே நேர்த்தியானது என்று பொறியாளருக்கு ஒரு கேடயம் கிடைத்தது.

மேட்டுத் தெரு மட்டும் ஒரு புதுப் பழக்கத்துக்கு வந்தது. தண்ணீர் என்றால் கூச்சலும் குடம் இடிக்கிற சத்தமும்தான் என்று வளர்ந்தவர்கள், பத்து மணி ஆனதும் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார்கள். குடத்துக்குள் துணியைத் தொங்கவிட்டு, தண்ணீர் அதன்வழி சத்தமில்லாமல் இறங்கும்படி பிடித்தார்கள். வேலம்மாள் வாயே திறக்காமல், கண்ணாலும் புருவத்தாலும் மட்டும் வரிசைச் சண்டை போடக் கற்றுக்கொண்டாள். நாயைக்கூடப் பாறைக்கு அந்தப் பக்கம் கட்டினார்கள். மூன்றாமவர் பாதியில் எழுந்தால், எழுந்த கையோடு வேலைக்குத்தான் ஓடுவார், தண்ணீர் நின்றுவிடும். அவருக்கு வேறெதுவும் தெரியாது.

பங்குனிப் பொங்கலன்று காலை பதினொரு மணிக்குச் சங்கிலி மேடேறி வந்தான். பேருந்தில் நின்றே வந்த எரிச்சல், தெருவுக்குள் நுழைந்ததும் ஒரு சத்தமும் இல்லாத திகைப்பு. பூட்டிக்கிடந்த வீடுகளில் மூன்று திறந்திருந்தன. எல்லோரும் எழவு வீட்டில் நிற்பதுபோலக் குழாயடியில் தலைகுனிந்து நின்றார்கள். அவன் வாசலில் பையைத் தொப்பென்று போட்டான்.

“ஏ சீனி! தெருவுல எவன் செத்தான்? தண்ணி வருதுன்னு சொன்னியே, எங்கடி…”

அவள் பாய்ந்து வந்து அவன் வாயைப் பொத்தினாள். ஈரக் கை. அவன் அந்தக் கையின் ஈரத்தை உதட்டில் உணர்ந்தான், குழாயைப் பார்த்தான், குடத்துத் துணிவழியே இறங்கிக்கொண்டிருந்த தண்ணீரைப் பார்த்தான், இருட்டாக இருந்த தன் வீட்டுக்குள், தன் பாயில், தன் தலையணையில், மீசையோடு குறட்டை விட்டுக்கொண்டிருந்த முழங்காலுயர மனிதரைப் பார்த்தான். மூன்றாமவர் புரண்டு படுத்தார். குழாயடியில் பதினைந்து வீட்டாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

“யாருடி அது?” என்றான் சங்கிலி, அவள் விரலிடுக்கு வழியாக.

உச்சி வெயில் இருவர் தலையிலும் இறங்கிக்கொண்டிருந்தது.

“மெதுவாப் பேசுங்க மாமா” என்றாள் சீனித்தாய். “முழிச்சிட்டா விடிஞ்சிரும்.”